ஜம்பர் மாமாவும் மூன்றாம் தடமும்

என் அக்கா கணவருக்கு ஜம்பர் என்று பெயர் வைத்தது நான் இல்லை. ஸ்டேஷனில் தடம் மாற்றுகிற பாயின்ட்ஸ்மேன்கள் வைத்தார்கள். கூட நின்று வேலை பார்ப்பவர்கள் வைக்கிற பட்டப்பெயர் அவ்வளவு சுலபத்தில் தப்பாது. ஜம்பர் என்பது ஒரு முழ நீள ஒயர். இரண்டு முனையிலும் கவ்விப் பிடிக்கிற பற்கள் இருக்கும். மின்சாரம் போக மறுக்கிற இடத்தில் அதைக் குறுக்கே மாட்டிவிட்டால் போய்விடும். ஏன் மறுத்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. என் மாமா தன் உத்தியோகம் முழுவதையும் அந்தக் கேள்வியைக் கேட்காமலே நடத்தினார். வாயைத் திறந்தால் ஜம்பம், வேலையில் இறங்கினால் ஜம்பர் என்று அவர்களில் மூத்தவரான பெரிய பாயின்ட்ஸ்மேன் சொல்வார்.

அவர் எங்கள் ஜங்ஷனில் சிக்னல் இன்ஸ்பெக்டர். நான் அவருக்குக் கீழே சிக்னல் கருவிகளைப் பராமரிக்கிற மெயின்டெய்னர். ஸ்டேஷனில் 'சார்' என்று கூப்பிட வேண்டும், வீட்டில் 'மாமா' என்று கூப்பிட வேண்டும். எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்ததே தான்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார். பரீட்சை எழுதியது நான். இரண்டாயிரம் பேரோடு வரிசையில் நின்றதும் நான். விண்ணப்பம் அனுப்ப ஒரு கவர் தந்தது அவர். அந்தக் கவரிலும் ஏற்கெனவே யாரோ பெயர் எழுதி அடித்திருந்தார்கள்.

சட்டைப்பையில் மூன்று நிறத்தில் பேனா, இஸ்திரி கலையாத கால்சட்டை, கண்ணாடிபோலப் பளபளக்கும் ஷூ. தண்டவாளத்துக்கு நடுவில் ஜல்லிமேல் நடக்கிற உத்தியோகத்தில் இருபத்திரண்டு வருஷம் இருந்தவருடைய ஷூவில் ஒரு நாள்கூடத் தூசி ஒட்டி நான் பார்த்ததில்லை. வேலையெல்லாம் நாற்காலியில் நடக்கும். வண்டியை ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்புகிற பாயின்ட்டை ஒவ்வொரு மாதமும் சோதிக்க வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் தகடு ஒன்றை இடுக்கில் வைத்து, பாயின்ட் பூட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பது. பூட்டிக்கொண்டால் ஆபத்து, பூட்டக் கூடாது. எங்கள் யார்டில் இருபத்தாறு பாயின்ட்டுகள். மாமா இருபத்தாறையும் ஒரு டீ ஆறுவதற்குள் சோதித்துவிடுவார். தகடு அவர் மேஜையில் காகிதங்கள் பறக்காமல் இருக்கப் பாரமாகக் கிடக்கும்.

ஆனாலும் தொடர்ந்து மூன்று வருஷம் பழுது குறைந்த பிரிவுக்கான சுழல் கேடயம் அவருக்குத்தான் வந்தது. பழுது வரவில்லை என்று அர்த்தமில்லை. வந்ததை எழுதவில்லை, அவ்வளவுதான். மேலதிகாரிகளுக்கும் அது தெரியாத விஷயமில்லை. அழகான எண் ஒன்று கிடைக்கும்போது அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க யாருக்குக் கை வரும்?

எங்கள் பாதைக்கு மின்சார ரயில் வரப்போகிறது என்று உத்தரவு வந்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று தடம் இருந்த யார்டு ஐந்து தடமாகப் போகிறது. பாதை நெடுக இரும்புக் கம்பங்கள், தலைக்குமேல் மின்கம்பி, புது சிக்னல்கள், புது ரிலே ரூம். இவ்வளவுக்கும் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ள ஒருவர் வேண்டுமே. மாமா தயாராக இருந்தார்.

கம்பங்கள் நட ஆரம்பித்த மாதமே அவர் வண்டவாளம் வெளியே தெரிந்திருக்க வேண்டும். கம்பம் நட்டபிறகு ஒவ்வொரு சிக்னலும் டிரைவர் கண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரிகிறதா என்று நான்கு பேர் நடந்துபோய்ப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். வெயில் கொளுத்திய நாள். மாமா நான்கு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மின்விசிறியை வேகமாக வைத்தார். படிவம் ஒரு சுற்று சுற்றி வந்தது. சரியாக நான்காவது நாள், வளைவில் இருக்கிற சிக்னலைப் பார்க்காமல் கிட்டத்தட்ட அதன் காலடிவரை வந்து நின்றுவிட்ட ஒரு சரக்கு வண்டி டிரைவர், புகார்ப் புத்தகத்தில் ஒரே வரி எழுதிவிட்டுப் போனார்: 'சிக்னல் தெரியவில்லை, கம்பம் நன்றாகத் தெரிகிறது.'

வேறு யாராக இருந்தாலும் வெட்கத்தில் குறுகிப் போயிருப்பார்கள். மாமா அன்று மாலையே கம்பம் நட்ட கான்ட்ராக்டர்மேல் மூன்று பக்கத்துக்கு ஒரு புகார் தயாரித்தார். சிக்னலை நாற்பது மீட்டர் தள்ளி நட்டார்கள். உடனடி நடவடிக்கை எடுத்ததற்காக மாமாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதை லேமினேட் செய்து வீட்டு ஹாலில் மாட்டினார். அக்கா அன்றைக்கு அதன் கீழே நின்று முழுவதும் படித்தாள். படித்துவிட்டு, சாப்பாடு ஆறுகிறது என்றாள்.

பிறகு அந்த வரைபடம். புது யார்டின் ஐந்து தடங்களையும், பாயின்ட்டுகளையும், சிக்னல்களையும் கலர் கலராக வரைந்து, ஆளுயரச் சட்டம் போட்டு, ஸ்டேஷன் முகப்பில் மாட்டினார். கீழே மூலையில் தன் பெயரை எல்லா சிக்னலையும்விடப் பெரிதாக எழுதியிருந்தார். ஆய்வுக்கு வந்த அதிகாரிகள் எல்லாரும் அதன் முன் நின்று தலையாட்டினார்கள். பெரிய பாயின்ட்ஸ்மேன் மட்டும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, நான்காம் தடத்தின் பாயின்ட் திசை மாறி வரைந்திருக்கிறது, இந்தப் படத்தை நம்பி வண்டியை விட்டால் அது நேராகச் சுவரில் ஏறும் என்று என் காதில் சொன்னார். நான் மாமாவிடம் சொன்னேன். படம் பார்க்கத்தான், வண்டி ஓட்ட இல்லை என்றார். படம் இன்னும் அப்படியே தொங்குகிறது.

இதுவரை எல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியதுதான். நாங்களும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அதுதான் எங்கள் தப்பு.

மழைக்காலம் ஆரம்பித்தது. பெயர்த்துப் புதிதாகப் போட்ட மூன்றாம் தடத்தில் ஜல்லிக்குப் பதில் பாதி மண்ணைக் கொட்டியிருந்தார்கள். நாலு மழையில் அது சேறாகிவிட்டது.

என்ன நடந்தது என்று புரிய இந்த ஒரு விஷயம் தெரிந்தால் போதும். தண்டவாளத்தில் ஒரு பகுதியைப் பிரித்து, அதன் ஒரு முனையில் கொஞ்சூண்டு மின்சாரம் விடுவோம். அது இரண்டு தண்டவாளங்கள் வழியாகப் போய் மறுமுனையில் இருக்கிற ரிலே என்ற சுவிட்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். வண்டி வந்து நின்றால், சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளங்களையும் சேர்த்துவிடும். மின்சாரம் ரிலேவரை போகாது. ரிலே கீழே விழும். உடனே ஸ்டேஷன் மாஸ்டர் முன்னால் இருக்கிற பேனலில் அந்தத் தடம் சிவப்பாகிவிடும். அதன்பிறகு அவரே நினைத்தாலும் இன்னொரு வண்டிக்கு அங்கே சிக்னல் கொடுக்க முடியாது. சேறும் தண்ணீரும் தேங்கினாலும் மின்சாரம் வழியிலேயே கசிந்து ரிலே விழுந்துவிடும். வண்டி இல்லாமலே சிவப்பு காட்டும். எரிச்சல்தான், ஆனால் யாரும் சாக மாட்டார்கள். தப்பு நேர்ந்தால் வண்டியை நிறுத்துகிற பக்கமாக நேர வேண்டும். எங்கள் தொழிலின் மொத்த அறிவும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடும்.

மூன்றாம் தடம் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை சும்மாவே சிவப்பானது. முறைப்படி என்றால், அந்தத் தடத்தை அரை நாள் மூடச்சொல்லி ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கொடுத்து, நாலு ஆளை வைத்துச் சேற்றை வாரி, நல்ல ஜல்லி போட வேண்டும். ஆனால் எழுதிக் கொடுத்தால் அது பழுதுக் கணக்கில் ஏறும். நாலாவது வருஷக் கேடயம் போய்விடும். அதைவிட, மின்சாரப் பாதையைத் திறக்கலாமா என்று பார்க்கத் தலைமை அதிகாரி அடுத்த மாதம் வருகிறார். மாமா ரிலே ரூமுக்குப் போனார். சட்டைப்பையிலிருந்து ஒயரை எடுத்தார். மூன்றாம் தடத்து ரிலேயின் தொடர்பைத் தாண்டி, குறுக்கே மாட்டினார்.

அதன்பிறகு மூன்றாம் தடத்தில் மலையே வந்து நின்றாலும் பேனலில் விளக்கு எரியாது.

மறுநாள் காலை ரிலே ரூமுக்குப் போன நான் அதைப் பார்த்தேன். சாம்பல்நிற ரிலேக்களின் வரிசையில் அந்தச் சிவப்பு ஒயர் நாக்கைத் தொங்கப்போட்டதுபோல் கிடந்தது. அவருடைய அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன்.

"மூணு நாள்தான் மச்சான். மழை விட்டதும் எடுத்துடுவேன்."

"ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியுமா சார்?"

"அந்தம்மாகிட்ட சொன்னா அது ரூல் புக்கைத் தூக்கிக்கிட்டு வரும். பேனல்ல விளக்கு எரியலன்னா அவங்களுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி. நீ போய் வேலையைப் பாரு."

நான் போய் வேலையைப் பார்த்தேன். அவரைப் பற்றி இவ்வளவு ஏளனமாகச் சொல்கிற நான், அன்றைக்குச் செய்தது அவ்வளவுதான். மூன்று நாள் ஆறு நாளாயிற்று, ஆறு நாள் பதினொரு நாளாயிற்று. ஒவ்வொரு நாளும் அந்த ஒயரைப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் அவர் மேலதிகாரி, அக்கா புருஷன், அவர் பாடு என்று சொல்லிக்கொண்டேன். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் வந்தேன்.

பதினொன்றாம் நாள் மதியம். மேல்கம்பி வேலை பார்க்கிறவர்களின் டவர் வண்டி மூன்றாம் தடத்தில் நின்றது. அது ஒற்றைப் பெட்டி அளவுக்கு இருக்கும். அதன் கூரையில் உயர்கிற மேடை ஒன்று உண்டு. கம்பியில் அன்றைக்கு இன்னும் மின்சாரம் விடவில்லை என்பதால் இரண்டு லைன்மேன்கள் மேடையில் நின்று கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை மணிக்கெல்லாம் வேலையை முடித்து ஓரத் தடத்துக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருந்தார்கள். வேலை இழுத்துவிட்டது. இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறுகிற ஸ்டேஷன் மாஸ்டர் பேனலைப் பார்த்தார். மூன்றாம் தடத்தில் விளக்கு இல்லை. சரி, டவர் வண்டி போய்விட்டது என்று நினைத்து, மூன்று காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அடுத்து உட்கார்ந்த ஸ்டேஷன் மாஸ்டர் அம்மா புத்தகத்தைப் பார்த்தார், பேனலையும் பார்த்தார். இரண்டும் ஒன்றாகச் சொல்லின. இரண்டேகால் பாசஞ்சருக்கு மூன்றாம் தடத்தில் சிக்னல் கொடுத்தார். ரிலே தடுத்திருக்க வேண்டும். ரிலேயின் வாயைத்தான் மாமா கட்டி வைத்திருந்தாரே.

நான் அப்போது யார்டின் முனையில் ஒரு பாயின்ட்டுக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தேன். பாசஞ்சர் என்னைத் தாண்டி மெதுவாக வளைந்து மூன்றாம் தடத்துக்குத் திரும்பியது. நிமிர்ந்து பார்த்தேன். தூரத்தில் டவர் வண்டி, அதன் தலையில் இரண்டு பேர். எனக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. கையிலிருந்த துணியை ஆட்டிக்கொண்டு கத்தியபடி ஓடினேன். இன்ஜினின் பின்னால் ஓடுகிறவனை டிரைவர் எப்படிப் பார்ப்பார்? ஆனால் அவர் முன்னால் நிற்பதைப் பார்த்துவிட்டார். பிரேக் கிறீச்சிட்டது. வண்டி நிற்பதற்குப் பத்தடி மிச்சம் இருக்கும்போது மோதியது.

மோதல் பெரியதில்லை. பயணிகளில் சிலருக்கு நெற்றி வீங்கியது, ஒரு பெண்ணின் பல் உடைந்தது. மேடையில் இருந்த ஒரு லைன்மேன் கம்பியைப் பிடித்துத் தொங்கித் தப்பித்துக்கொண்டார். இன்னொருவர், நாற்பது வயதுக்காரர், மேலேயிருந்து ஜல்லியில் விழுந்தார். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். தொடை இருக்க வேண்டிய விதத்தில் இல்லை. வலி இன்னும் உறைக்கவில்லைபோல, அவர் என்னிடம் நிதானமாகக் கேட்டார்.

"நாங்க நிக்கும்போது வண்டி எப்படிய்யா உள்ள வந்துது? சிவப்புதானே இருந்திருக்கணும்?"

அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மாமா ஓடியதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் விழுந்தவரை நோக்கி ஓடவில்லை. ரிலே ரூமை நோக்கி ஓடினார். ரிலே ரூமுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி எங்களிடம், ஒரு சாவி ஸ்டேஷன் மாஸ்டரிடம். அந்த அம்மாவிடம், உள்ளே எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும் என்று சொல்லிச் சாவியை வாங்கினார். பத்திரப்படுத்தினார். ஒயரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒயர் போனதும் ரிலே தன் வேலையைச் செய்தது. அதிகாரிகள் வந்து பார்த்தபோது பேனலில் மூன்றாம் தடம் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. அந்த அம்மா, அப்போது எரியவில்லை, நான் பார்த்தேன், எரியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பதினெட்டு வருஷ சர்வீஸில் ஒரு குற்றச்சாட்டுகூட வாங்காதவர். அன்று மாலையே சஸ்பெண்ட். மாமா தன் வாக்குமூலத்தில், கருவி பொய் சொல்லாது, மனிதக் கண் அசந்துபோகும் என்று எழுதினார். அந்த வாக்கியத்தின்மேல் அவருக்குப் பெருமை வேறு. இரண்டு பேரிடம் படித்துக் காட்டினார். அடுத்த நாள் காலை நாலு ஆளை வைத்து மூன்றாம் தடத்துச் சேற்றை வாரி ஜல்லி போட்டார். அரை நாள்கூட ஆகவில்லை. பதினொரு நாளாக முடியாதது காலை பதினொரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

என் அக்கா ரயில்வே மருத்துவமனையில் எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்க்கிறவள். அதிகம் பேச மாட்டாள். மாமா சாப்பிடும்போது, ஒரு முழ ஒயர் இருந்தால் ரயில்வேயையே ஓட்டிவிடுவேன் என்று ஜம்பம் அடிப்பதை இத்தனை வருஷமாகக் காதில் வாங்கியும் வாங்காமலும் பரிமாறிக்கொண்டிருந்தவள். அன்று லைன்மேனைக் கொண்டுவந்தபோது அவள்தான் டூட்டியில் இருந்தாள். மறுநாள் துவைக்க எடுத்த சட்டையின் பையில் ஒயர் இருந்தது. எக்ஸ்ரே அறையின் கதவு திறந்திருந்தால் மெஷின் ஓடாது. ஒரு தடவை யாரோ, மெஷினை நிறுத்துகிற அந்தக் கதவுச் சுவிட்சை டேப் போட்டு ஒட்டியபோது, டேப்பைப் பிய்க்கிறவரை வேலை செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்தவள் அவள். அந்த ஒயர் என்ன என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

மாமா வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து என்னைக் கூப்பிட்டாள். சாப்பாட்டு மேஜைமேல் ஒயரை வைத்திருந்தாள்.

"இது எவ்ளோ நாளா அங்க இருந்துது?"

சொன்னேன்.

"அந்த ஆளோட தொடையை நான்தான்டா படம் எடுத்தேன். எலும்பு ரெண்டு துண்டு. இனிமே அவரு ஏணி ஏற முடியாது. ஸ்டேஷன் மாஸ்டர் அம்மா வீட்ல உக்காந்து தன் கண்ணுதான் கெட்டுப்போச்சான்னு யோசிச்சுட்டு இருக்கும். நீ தின்னுட்டுத் தூங்குற."

"மாமாவோட வேலை போயிடும்க்கா."

"போகட்டும். நான் சம்பாதிக்கிறேன்ல." ஒயரை என் பக்கம் தள்ளினாள். "நீ கொண்டுபோறியா, நான் கொண்டுபோகட்டுமா?"

நான் கொண்டுபோனேன். தைரியம் வந்ததால் இல்லை. அக்கா போய் நின்றால் அதன்பிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்ற வெட்கத்தில்.

விசாரணை அதிகாரி கட்டையான உருவம், மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பேசுகிறவர். ஒயரை வாங்கிப் பார்த்தார். நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, எத்தனை நாளாகத் தெரியும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதினொரு நாள் என்றேன். எழுதிக்கொண்டார். அவர் என்னைப் பார்த்த பார்வையில் பாராட்டு எதுவும் இல்லை.

மாமாவைக் கூப்பிட்டார்கள். முதலில் ஒயரையே பார்த்ததில்லை என்றார். பிறகு பார்த்திருக்கிறேன், ஆனால் அது மச்சான் ஒயர் என்றார். குடும்பத்தில் பகை, அக்காவை எனக்குக் கட்டிக்கொடுத்ததிலிருந்தே இவனுக்குப் பொறாமை, இவனே மாட்டிவிட்டு என்னை மாட்டிவிடப் பார்க்கிறான் என்று சொல்லிக் கண்ணைக் கசக்கினார். அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு நிமிஷம் அவர்கள் நம்பிவிடுவார்களோ என்றுகூடப் பயந்தேன். அவ்வளவு நன்றாக அழுதார்.

அவரைக் கவிழ்த்தது நான் இல்லை, அவருடைய கையெழுத்துத்தான். ரிலே ரூமை யார் எப்போது எதற்குத் திறந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். அதிகாரி அதைக் கொண்டுவரச் சொன்னார். பதினொரு நாளுக்கு முன்னால் ஒரு பதிவு: மாமாவின் கையெழுத்து, காரணம் 'சுத்தம் செய்ய'. விபத்து நாளில் பிற்பகல் இரண்டு இருபத்தைந்துக்கு இன்னொன்று. வெளியே ஒரு மனிதன் தொடை முறிந்து கிடக்கிறான், பாசஞ்சரிலிருந்து ஜனங்கள் குதித்து இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில் மாமா பேனாவைத் திறந்து எழுதியிருக்கிறார்: 'சுத்தம் செய்ய'. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கை தானாகவே பொய்யை எழுதிவிட்டது.

அதிகாரி அந்த வரியை உரக்கப் படித்தார். "ரயில் மோதி பத்து நிமிஷத்துல, நீங்க ரிலே ரூமைப் பெருக்கப் போனீங்களா?"

மாமா தண்ணீர் கேட்டார்.

அவருக்கு வேலை போகவில்லை. இதுபோன்ற ஆட்களுக்கு அப்படியெல்லாம் போய்விடாது. இரண்டு படி இறக்கி, எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு ஸ்டோர் கிடங்குக்கு அனுப்பினார்கள். போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுக்கிற வேலை. ஜல்லி கிடையாது, மழை கிடையாது, ஷூ அழுக்காகாது. அக்கா அவருடன் போகவில்லை. அந்த ஊர்த் தண்ணீர் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேட்டவர்களிடம் சொன்னாள். அந்த ஊர்த் தண்ணீரை அவள் குடித்ததே இல்லை. மாதம் ஒருமுறை அவர் வருவார், மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார், போவார். ஹாலில் லேமினேட் செய்த கடிதம் இருந்த இடத்தில் இப்போது காலண்டர்.

எனக்கு இரண்டு இன்க்ரிமென்ட் நிறுத்தம், சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கண்டனம். குறைவுதான். லைன்மேனுக்கு அலுவலகத்தில் கடிதங்கள் பிரிக்கிற வேலை கொடுத்தார்கள். முப்பதடி உயரத்தில் சர்வசாதாரணமாக நின்றுகொண்டிருந்தவர், இப்போது இரண்டு படி ஏற கைப்பிடியைத் தேடுகிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம் டீ வாங்கிக் கொடுப்பேன். குடிப்பார். வேறு பேச்சு இருக்காது.

ஸ்டேஷன் மாஸ்டர் அம்மா நாலு மாதம் கழித்து அதே பேனலுக்குத் திரும்பி வந்தார். அன்றைக்கு நான் வேலை இல்லாமலே அவர் அறைக்குப் போனேன். மறைத்து என்ன பயன், நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன். அவர் பேனலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உண்மையைச் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டேன்," என்றார். "பதினொரு நாள் தினம் ரெண்டு வேளை என்கிட்டதான் சாவி வாங்கினீங்க. திருப்பிக் குடுக்கும்போது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்."

அவர் ஒரு வண்டிக்கு சிக்னல் கொடுத்தார். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். இல்லை மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் மாமாவைப் பற்றி மனசுக்குள் நான் சேர்த்து வைத்திருந்த அத்தனை ஏளனத்திலும் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அந்த அம்மா சத்தம் போடாமல் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

மின்சாரப் பாதை ஏழு வாரம் தாமதமாகத் திறந்தது. புது இன்ஸ்பெக்டராக ஒரு பெண் வந்தார். முதல் நாளே கையில் ஐந்து மில்லிமீட்டர் தகட்டோடு யார்டில் இறங்கி, மூன்று நாளில் யார்டின் எல்லா பாயின்ட்டையும் சோதித்தார். அதில் நான்கு பூட்டக் கூடாத இடத்தில் பூட்டிக்கொண்டன. எல்லாவற்றையும் எழுதினார். அந்த வருஷம் பழுதுப் பட்டியலில் கடைசி இடம் எங்களுக்குத்தான். மேலிடத்திலிருந்து கோபமாகக் கடிதம் வந்தது. அவர் அதையும் ஃபைலில் போட்டுவிட்டு, மழைக்கு முன்னால் ஜல்லி வேண்டும் என்று பதில் எழுதினார்.

மாமா ஸ்டோரிலேயே இருந்து மூன்று வருஷத்தில் ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தார். அக்கா கதவைத் திறந்து விட்டாள், அவருக்கென்று பக்கத்து அறையில் படுக்கை போட்டிருந்தாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று நிறப் பேனாக்கள் அப்போதும் சட்டைப்பையில் இருந்தன. அக்கா உள்ளே இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"ஸ்டேஷன்ல என்னைப் பத்தி என்ன பேசிக்கிறாங்க மச்சான்?"

திட்டுகிறார்கள் என்று சொல்லியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். கான்ட்ராக்டர், அதிகாரி, பொறாமை பிடித்த மச்சான் என்று ஒரு மணி நேரம் பேச அவருக்கு விஷயம் கிடைத்திருக்கும். நான் உள்ளதைச் சொன்னேன்.

"யாரும் ஒண்ணும் பேசுறதில்ல மாமா. பாதிப் பேர் புதுசு. உங்களைத் தெரியாது."

கேடயத்தை மூன்று தடவை வாங்கினது நான்தான், அதுவாவது ஞாபகம் இருக்குமே என்றார் மாமா. கேடயம் இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றேன். அதற்குள் அக்கா உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். என்னைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவர் என் பின்னாலேயே எழுந்து வந்தார்.